இலவச ஆன்லைன் படிப்பு: பாடம் கையில், வகுப்பு எங்கே?

சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு இடம் வாங்க என்ன பாடு பட வேண்டும் என்பது, நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்த எந்த வீட்டுக்கும் தெரியும். ஆனால் அதே ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தை அறந்தாங்கியிலோ வவுனியாவிலோ இருந்துகொண்டு, ஃபீஸ் என்று ஒரு பைசா கட்டாமல் போனில் பார்க்கலாம். யூடியூபில் என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இலவசப் பாடத் திட்டம்) என்று தட்டினால் போதும்; சிவில் இன்ஜினியரிங்கில் தொடங்கித் தத்துவம் வரை வந்து கொட்டும்.

இதைத்தான் திறந்தநிலைக் கல்வி என்கிறார்களா? பாதி சரி. இந்தப் பேச்சில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. குறிப்பு, வீடியோ, பழைய வினாத்தாள் என்று பாடப்பொருளை எல்லாருக்கும் கொடுத்துவிடுவது ஒன்று. ஒரு தேதியில் தொடங்கி, வாராவாரம் பாடம், அசைன்மென்ட், கடைசியில் தேர்வு என்று ஒரு வகுப்பையே இணையத்தில் நடத்துவது இன்னொன்று. முதலாவது நன்றாகவே நடந்திருக்கிறது. வம்பெல்லாம் இரண்டாவதில்தான்.

பாடத்தைத் தூக்கிக் கொடுத்தவர்கள்

டாட்காம் மோகம் உச்சத்தில் இருந்த காலத்தில், பாடங்களை இணையத்தில் விற்றுக் காசு பார்க்கலாமா என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி.யும் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை) ஒரு பேராசிரியர் குழு வைத்து யோசித்தது. விற்றுப் பெரிதாக எதுவும் தேறாது என்று தெரிந்ததும், அப்படியானால் சும்மா கொடுத்துவிடலாமே என்ற முடிவுக்கு வந்தார்கள். 2001 ஏப்ரலில் அறிவிப்பு; அடுத்த ஆண்டே 50 பாடங்களுடன் ஓப்பன்கோர்ஸ்வேர் தளம் வந்தது. இன்று அதில் 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன.

அந்தத் தளத்தில் பெயர் பதிய வேண்டாம். சர்டிபிகேட் கிடையாது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளும் கிடையாது. பாடத்திட்டம், வகுப்புக் குறிப்புகள், கணக்குகள், பழைய தேர்வுத் தாள்கள், சிலவற்றுக்கு வீடியோ, அவ்வளவுதான். ‘எடுத்துக்கொள், உன் சமத்து’ என்ற போக்கு. எனக்கு இன்றும் பிடித்தது இந்த வடிவம்தான், ஏனென்றால் இது தராத எதையும் தருவதாகச் சொல்லவில்லை.

இன்னொரு காரியமும் செய்தார்கள். பாடங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். உரிமம் என்றால் சட்டப் பேச்சு என்று தாண்டிப் போய்விட வேண்டாம், விஷயமே இங்குதான் இருக்கிறது. திருநெல்வேலியில் பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது நிமிட வீடியோ ஒன்றில் பத்து நிமிடத்தை வெட்டி, தமிழில் தன் குரலைப் போட்டு, நம்மூர் உதாரணம் ஒன்றைச் சேர்த்து, மாணவர்களுக்குப் பென் டிரைவில் கொடுக்க நினைக்கிறார். எம்.ஐ.டி. பாடம் என்றால் தாராளமாகச் செய்யலாம். மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், விற்கக் கூடாது, அவர் செய்ததையும் அதே உரிமத்தில் மற்றவர்களுக்கு விட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். கோர்ஸெரா போன்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் உள்ள வீடியோவில் இதைச் செய்ய முடியாது. பார்க்கலாம், படிக்கலாம், வெட்டி ஒட்டிப் பகிர உரிமை இல்லை. இரண்டுக்கும் காசு கேட்காவிட்டாலும், பாடம் ஆசிரியர் கைக்கு வந்தது ஒன்றில் மட்டும்தான்.

டேவிட் வைலி என்ற அமெரிக்கக் கல்வியாளர் இந்த உரிமைகளை ஐந்தாகப் பிரித்துச் சொன்னார்: நகலை நம்மிடம் வைத்துக்கொள்வது, திரும்பப் பயன்படுத்துவது, திருத்துவது, வேறொன்றோடு கலப்பது, பிறருக்குக் கொடுப்பது. முதலாவது சாதாரணமாகத் தோன்றும். 2016இல் கோர்ஸெரா தன் பழைய மென்பொருள் தளத்தை மூடியபோது அதிலிருந்த பல பாடங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. நகல் வைத்திராதவர்களுக்கு அப்போதுதான் அதன் அருமை புரிந்தது.

ஒன்றரை லட்சம் பேர் இருந்த வகுப்பு

இனி இரண்டாவது வகை. ஆங்கிலத்தில் சுருக்கமாக மூக் என்கிறார்கள்: கட்டுப்பாடில்லாமல் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஆன்லைன் வகுப்பு. 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் நடத்திய ஒரு வகுப்பில் கட்டணம் கட்டியவர்கள் 25 பேர், இணையத்தில் சும்மா வந்து சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். அதைப் பார்த்துத்தான் டேவ் கார்மியர் என்பவர் இந்தப் பெயரை வைத்தார். அப்போது ஊர் உலகம் கவனிக்கவில்லை.

கவனித்தது 2011இல். ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் திறந்துவிட்டபோது 1,60,000 பேர் பதிந்தார்கள். அப்புறம் மளமளவென்று 2012இல் யுடாசிட்டி, கோர்ஸெரா, எட்எக்ஸ் என்ற மூன்று தளங்களும் வந்தன. எட்எக்ஸுக்காக ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஆளுக்கு 3 கோடி டாலர் போட்டன. இனி கல்லூரிக் கட்டடமே எதற்கு என்று பேசியவர்களும் உண்டு.

எம்.ஐ.டி.யின் முதல் மூக் வகுப்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதன் கணக்கை மறைக்காமல் வெளியிட்டார்கள். மின்சுற்றுகள் பற்றிய பாடம், 2012 வசந்த காலத்தில் நடந்தது. முன்னின்று நடத்தியவர் அனந்த் அகர்வால்; சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பதிந்தவர்கள் ஏறக்குறைய 1,55,000 பேர். முதல் வீட்டுப் பாடத்தைத் திறந்து பார்த்தவர்கள் 69,000. அதில் ஒரு மதிப்பெண்ணாவது வாங்கியவர்கள் 26,000. கடைசியில் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

இதைப் பார்த்து இரண்டு விதமாகப் பேசலாம். 7,157 என்பது ஒரு பேராசிரியர் வழக்கமான வகுப்பில் வாழ்நாள் முழுக்க நடத்தினாலும் எட்டுவதற்குக் கடினமான எண். அதுவும் லேசான பாடம் இல்லை. மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் அதில் முழு மதிப்பெண் வாங்கினான். இன்னொன்று: பதிவது என்பது ஒரு கிளிக். புத்தகக் கடையில் புரட்டிப் பார்த்தவரையெல்லாம் வாசகர் கணக்கில் சேர்த்துவிட்டு, யாரும் படித்து முடிக்கவில்லையே என்று புலம்புவது நியாயமில்லை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி தூரம்தான் நம்மைக் கூட்டிப் போகும். முடித்தே தீருவேன் என்று முன்கூட்டிச் சொன்னவர்களை மட்டும் தனியே எடுத்து, ஹார்வர்டு வகுப்புகளில் ஜஸ்டின் ரைக் என்ற ஆய்வாளர் பார்த்தார். அவர்களிலும் முடித்தவர்கள் 22 சதவீதம். வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கழித்த பிறகும் ஐந்தில் நான்கு பேர் நடுவழியில் இறங்கிவிடுகிறார்கள்.

யார் இறங்குகிறார்கள், யார் கரை சேர்கிறார்கள்? 2013இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்ஸெரா மாணவர்களிடம் கேட்டதில், பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏற்கெனவே பட்டமோ பட்டயமோ வாங்கியவர்கள். இந்தியா, பிரேசில் மாதிரியான நாடுகளிலிருந்து வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர், அந்தந்த நாட்டின் வசதியும் படிப்பும் மிகுந்த மேல்தட்டு 6 சதவீதத்துக்குள் அடங்கினார்கள். இல்லாதவர்களுக்காகக் கதவைத் திறந்தோம் என்று சொன்ன இடத்தில், இருப்பவர்கள் முதலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், யுடாசிட்டியோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம் உள்ளிட்ட மூன்று பாடங்களை 150 டாலருக்கு நடத்திப் பார்த்தது. கணிதத்தில் ஏற்கெனவே பின்தங்கியவர்களும் பள்ளி மாணவர்களும் அதில் இருந்தார்கள். எந்தப் பாடத்திலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மேல் தேறவில்லை. ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கைத்தாங்கல் தேவைப்படுகிற மாணவனிடம் வீடியோவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் இதுதான் நடக்கும். ஏற்கெனவே நடக்கத் தெரிந்தவனுக்கு அதே வீடியோ சிறகு மாதிரி.

மின்சுற்று வகுப்பு ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. யார் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள் என்று துருவியபோது, வயதோ ஆண் பெண் வேறுபாடோ பெரிதாக எதையும் சொல்லவில்லை. கூடப் படிக்கிற ஒருவரோடோ, அந்தத் துறை தெரிந்த ஒருவரோடோ நேரில் உட்கார்ந்து படித்தவர்கள், தனியாகப் படித்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மதிப்பெண் அதிகம் வாங்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஆள்! அதைத்தான் எந்தத் தளமும் பதிவேற்றிக் கொடுக்க முடியாது.

அட்டவணையும் தேர்வு மையமும்

இதனால்தான் என்பிடெல் கதை வேறு மாதிரி இருக்கிறது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் பணத்தில் 2003இல் தொடங்கியது. ஒருங்கிணைப்பது சென்னை ஐ.ஐ.டி. முதல் பத்தாண்டு வெறும் பாடக் களஞ்சியம்தான். இன்ஜினியரிங் கல்லூரிகள் ஊருக்கு ஊர் முளைத்து, பாடம் நடத்த ஆள் தட்டுப்பாடு இருந்த காலம் அது. மாணவர்கள் மட்டுமில்லை, மறுநாள் வகுப்பெடுக்க வேண்டிய இளம் ஆசிரியர்களும் ராத்திரி அதைப் பார்த்துத்தான் தயாரானார்கள்.

2014இல் சான்றிதழ்ப் படிப்பு வந்தது. அதன் அமைப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டு வாரப் படிப்பு என்றால், வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு அசைன்மென்ட், அதற்கு ஒரு கெடு. கெடுவன்று நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்பு கதவு சாத்தப்படும். ஹாஸ்டல்களில் பதினொன்றரைக்குப் பரபரப்பு தொடங்குவது இதனால்தான். பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டை எடுத்துச் சராசரி போட்டு, 25 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுவார்கள். மீதி 75, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. ஒரு சனி அல்லது ஞாயிறு, ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போய், கம்ப்யூட்டர் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். படிக்கக் காசில்லை, தேர்வெழுத மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம்.

தேர்ச்சிக்கு அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். இந்தத் ‘தனித்தனியாக’வுக்குக் காரணம் இருக்கிறது. அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் கெடுவுக்கு முன்பே வந்துவிடும் என்பது ஊரறிந்த ரகசியம். பார்த்து எழுதி முழு 25 வாங்கியவரும் தேர்வறையில் 30 எடுக்காவிட்டால் வெளியேதான்.

பல கல்லூரிகளில் என்பிடெலின் கிளை மாதிரி லோக்கல் சாப்டர் என்று ஒன்று இருக்கும், அதைக் கவனிக்க ஒரு ஆசிரியர் இருப்பார். கெடுவை நினைவுபடுத்துவது, சந்தேகம் கேட்பவரைச் சரியான ஆளிடம் அனுப்புவது எல்லாம் அவர் வேலை. படிப்புக்குக் கிரெடிட்டும் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி) உண்டு: என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017இல் வந்தது, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படித்துக் கணக்கில் சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2021இல் விதியைத் தளர்த்தியது.

கெடு, தேர்வு, ஒரு பொறுப்பாசிரியர், மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி. கல்லூரியிலிருந்து தப்பித்துவிட்டதாகச் சொன்ன ஆன்லைன் படிப்பு, கல்லூரியின் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இது தோல்வியாகத் தெரியவில்லை. நல்ல விரிவுரைக்கு எப்போதுமே அவ்வளவு பஞ்சம் இருந்ததில்லை. நூலகத்தில் நல்ல புத்தகம் அன்றும் இருந்தது. அதைத் திறக்க வைக்கிற ஏற்பாட்டுக்குத்தான் பஞ்சம்.

கெட்ட பக்கமும் இருக்கிறது. ஆர்வமோ தேவையோ பார்க்காமல் வகுப்பையே மொத்தமாகப் பதிய வைக்கும் கல்லூரிகள் உண்டு. அப்போது படிப்பு இன்னொரு அரியர் பயமாக மாறி, டெலிகிராம் விடைகளுக்குத்தான் வியாபாரம். கிரெடிட்டைக் காரணம் காட்டி ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடுவார்களோ என்ற கவலையும் நியாயமானது. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டல் நீதி பற்றி நடத்திய புகழ்பெற்ற எட்எக்ஸ் வகுப்பைத் தங்கள் மாணவர்களுக்குப் போடச் சொன்னபோது, 2013இல் சான் ஹோசே தத்துவத் துறை ஆசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி மறுத்தார்கள். பணக்காரக் கல்லூரிக்கு நேரில் பேராசிரியர், ஏழைக் கல்லூரிக்கு அவருடைய வீடியோவா என்பதுதான் அவர்கள் சண்டை.

யார் செலவு செய்வது

வீடியோ எடுக்க, சர்வர் வைக்க, வினாத்தாள் தயாரிக்கக் காசு வேண்டும். அரசு கொடுக்கும் வரை என்பிடெல் ஓடும். தனியார் தளங்களுக்கு அந்த வசதி இல்லை. 2012இல் சான்றிதழ்கூட சும்மா கொடுத்தவர்கள், சில ஆண்டுகளிலேயே அதற்கு விலை வைத்தார்கள். பிறகு அசைன்மென்ட்டைத் திருத்தித் தருவதற்கும். லாப நோக்கமில்லாமல் தொடங்கிய எட்எக்ஸை 2021இல் 2யூ என்ற நிறுவனம் 80 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த நிறுவனமே 2024இல் திவால் மனு போட்டது. இன்று ஒரு படிப்பில் ‘இலவசம்’ என்று பார்த்தால், எதுவரை இலவசம் என்று கீழே இறங்கிப் படிப்பது நல்லது. பல இடங்களில் வீடியோ வரைதான். சில இடங்களில் கட்டண உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

காசு விவகாரத்தில் மனதைக் குடைகிற ஒரு நிகழ்ச்சி பெர்க்லியில் நடந்தது. கலிஃபோர்னியாவின் அந்தப் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான வகுப்புகளைப் பதிவு செய்து பொதுவில் போட்டிருந்தது. காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள் இரண்டு பேர், பலவற்றில் வசன வரி இல்லை, எங்களால் பின்தொடர முடியவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அமெரிக்க அரசின் நீதித் துறை விசாரித்து 2016இல் புகார் சரிதான் என்றது. எல்லாவற்றுக்கும் வசன வரி போடுவது கட்டுப்படியாகாது என்று சொல்லி, 2017இல் பெர்க்லி 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. கேட்டவர்களுக்கும் கிடைக்கவில்லை, இருந்தவர்களுக்கும் போயிற்று. புகார் கொடுத்தவர்களைத் திட்டியவர்கள் நிறைய. எனக்கு அது சரியாகப் படவில்லை. வசன வரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே விட்டதன் விலை அது. இதே குறைக்காக வழக்கைச் சந்தித்த ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் பின்னர் வசன வரி போட ஒப்புக்கொண்டு சமரசமாகின.

தமிழ்வழி மாணவருக்கு

வசன வரி நமக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை வகைக்கெழு, அணிக்கோவை என்று படித்த பிள்ளைக்குக் கணக்கு தெரியும். வீடியோவில் பேராசிரியர் டெரிவேட்டிவ், டிட்டர்மினன்ட் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது, தெரிந்த கணக்கே தெரியாததாகிவிடுகிறது. என்பிடெல் பல பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. தமிழ் உரை உள்ள பாடம் என்றால், வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துவிட்டு, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். முதல் இரண்டு வாரம் இழுக்கும். கலைச்சொற்கள் பழகிய பின் அவ்வளவு தொல்லை இல்லை.

பாடப்பொருளைத் திறந்துவைப்பதில் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. எம்.ஐ.டி. அறிவித்த அதே 2001இல்தான் தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) தொடங்கியது. வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழிப் பாடம், எல்லாருக்கும் மின்னூலகம். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நூலகம் திட்டம் 2005 முதல் எண்ணிமமாக்கி வருகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் பி.டி.எஃப்பாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. குறைவது, கல்லூரி நிலைப் பாடங்களைத் தமிழிலேயே கெடுவும் தேர்வும் வைத்து நடத்துகிற ஏற்பாடு.

முதல் முறை சேர்கிறவர்கள் ஒரே ஒரு படிப்பை எடுங்கள், அதுவும் நான்கு வாரமோ எட்டு வாரமோ ஓடும் சிறியதாக. முன்தேவை என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். பாதியில் நிற்பவர்கள் பலர் தவறான படிக்கட்டில் ஏறியவர்கள். அதே படிப்பைப் படிக்க இன்னொருவரைப் பிடியுங்கள், வாரம் ஒரு முறை சேர்ந்து உட்கார முடிந்தால் நல்லது. வேலைக்காகப் படிக்கிறவர் சான்றிதழை மட்டும் நம்பாமல், படித்ததை வைத்துச் செய்த ஒரு சின்ன வேலையையும் காட்டத் தயாராக இருக்கட்டும். என்பிடெல் படிப்புகள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. சேரும்போது பணம் கேட்க மாட்டார்கள், தேர்வுப் பதிவு தனி. அதற்கான கடைசி நாள் படிப்பு முடிவதற்கு முன்பே வந்துவிடும். அதை விட்டால் பாடத்தை முழுக்கப் படித்திருந்தாலும் அந்தச் சுற்றில் தேர்வெழுத முடியாது.